வலியை வரவழைத்த வழிகள்

பேற்றறையில் ஒரு பெண்ணுக்கு மருந்து எழுதப்படும்போது அந்தத் தாளில் நான்கு செய்திகள் இடம்பெறுகின்றன: மருந்தின் பெயர், அளவு, கொடுக்கும் வழி, நேரம். மருத்துவ வரலாறு பெரும்பாலும் முதல் செய்தியைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது. யார் கண்டுபிடித்தார், எந்த ஆண்டு, எந்தப் பரிசு என்று அந்த வரலாறு நீளும். மூன்றாவதாகிய ‘வழி’ ஒரு சொல்லில் முடிந்துவிடும்: தசையில், சிரையில், கருப்பை வாயருகே, வாய்வழியாக. நிறைமாதத்தில் பேற்றுவலியை மருந்தால் வரவழைக்க மேற்கொண்ட இருநூறு ஆண்டு முயற்சியைப் பார்த்தால், தாயும் சேயும் பிழைத்ததும் பிழைக்காமல் போனதும் பலமுறை அந்த ஒற்றைச் சொல்லைப் பொறுத்தே அமைந்திருப்பது தெரியவரும். இந்தியாவில் அது இன்னும் முடியாத கதை.

மாதம் நிறைந்தபின் வலி தானாக எழுவதே இயற்கை. எழுந்தது பொய்வலியா மெய்வலியா என்று அறியச் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்துக் காத்திருக்கும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உண்டு. ஆனால் காத்திருக்க இயலாத நிலைகளும் உள்ளன. தாயின் ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கலாம். பனிக்குடம் உடைந்து பல மணி நேரமாகியும் வலி எழாதிருக்கலாம். 41 வாரம் கடந்தும் பேறு தொடங்காமல், நஞ்சுக்கொடியின் ஆற்றல் குறையத் தொடங்கியிருக்கலாம். அத்தகைய வேளைகளில் வலியை வரவழைப்பதே தாயையும் சேயையும் காக்கும் செயலாகிறது.

பேற்றுவலி என்பது கருப்பைத் தசையின் சுருக்கம். தசை சுருங்கும் நேரத்தில் நஞ்சுக்கொடிக்குச் செல்லும் ரத்தம் குறைகிறது; தளரும் நேரத்தில் மீண்டும் பாய்கிறது. நீரில் மூழ்கி மூழ்கி எழும் ஒருவர் ஒவ்வொரு முறையும் மேலே வந்து மூச்சு வாங்குவதைப் போல, குழந்தையும் இரு வலிகளுக்கு இடைப்பட்ட நேரத்திலேயே தேறிக்கொள்கிறது. பத்து நிமிடங்களில் ஐந்துக்கு மேற்பட்ட சுருக்கங்கள் வந்தால் மருத்துவர்கள் எச்சரிக்கை அடைவது இதனால்தான். இடைவெளியே இல்லாமல் கருப்பை இறுகினால் குழந்தைக்கு உயிர்க்காற்று கிட்டாது. சில வேளைகளில் கருப்பையே கிழிந்துவிடும். ஆகவே வலியை வரவழைக்கும் எந்த மருந்தைப் பற்றியும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அது வலியை எழுப்புமா? வலி மிகுந்துவிட்டால் அதை நிறுத்த முடியுமா? முதல் கேள்விக்கு விடை விரைவில் கிடைத்தது. இரண்டாம் கேள்விதான் நெடுங்காலம் அலைக்கழித்தது.

ஐரோப்பாவின் மருத்துவச்சிகள் ரை தானியத்தில் வளரும் எர்காட் என்னும் பூஞ்சையைப் பேற்றை விரைவுபடுத்தப் பயன்படுத்தி வந்தனர். 1582இல் ஆடம் லோனிட்சர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் தம் மூலிகை நூலில் அதைக் குறித்திருக்கிறார். அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்டெர்ன்ஸ் 1808இல் வெளியான தம் கடிதத்தின் மூலம் அந்தப் பொடியை மருத்துவ உலகத்துக்குள் கொண்டுவந்தார். நீண்டு இழுக்கும் பேற்றைச் சில மணி நேரத்தில் முடித்துவைக்கும் பொடி என்று அது புகழ்பெற்றது. மருத்துவருக்கு நேரம் மிச்சமாகும் என்பதும் அந்தப் புகழில் ஒரு பங்கு.

புகழ் நீடிக்கவில்லை. எர்காட் பரவிய இடங்களில் குழந்தைகள் இறந்து பிறப்பது கூடியது. 1820களில் நியூயார்க் மருத்துவர் டேவிட் ஹோசாக், பேற்றுப்பொடி என்று அழைக்கப்பட்ட அதைச் சாவுப்பொடி என்றே அழைக்க வேண்டும் என்று எச்சரித்தார்; குழந்தை பிறந்தபின் ஏற்படும் ரத்தப்போக்கை நிறுத்த மட்டுமே அதைக் கொடுக்கலாம் என்றார். எர்காட் கருப்பையைச் சுருக்குவதில் குறையேதும் இல்லை. சுருக்கிய கருப்பையைத் தளரவிடாததே அதன் குறை. விழுங்கிய பொடியை மருத்துவரால் திரும்பப் பெற முடியாது. ஒவ்வொரு பூஞ்சையிலும் எவ்வளவு சத்து இருக்கிறது என்பதும் தெரியாது. அதன் விளைவு முடியும் வரை தாயும் சேயும் தாங்கியாக வேண்டும்.

எர்காட்டை ஆராய்ந்துகொண்டிருந்த ஹென்றி டேல் என்னும் ஆங்கில அறிவியலாளர், 1906இல் வெளியிட்ட கட்டுரையில் வேறொன்றையும் பதிவுசெய்தார். மாட்டின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதிச் சாறு, பூனையின் கருப்பையைச் சுருங்கவைத்தது. மூன்று ஆண்டுகளில், 1909இல், லிவர்பூலின் வில்லியம் பிளேர்-பெல் அந்தச் சாற்றை மகப்பேறு மருத்துவத்தில் பயன்படுத்தியதை எழுதினார். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பேற்றின்போது தசையில் போடும் பிட்யூட்டரி ஊசி பெருவழக்காயிற்று.

எர்காட்டின் பிழை இங்கே வேறு வடிவில் திரும்பி வந்தது. தசையில் ஏற்றிய சாறு ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும்; ஊசியை வெளியே எடுத்துவிட்டதால் மருந்து வெளியே வந்துவிடாது. ஒரு குப்பியின் வீரியம் மறு குப்பியில் இருப்பதில்லை. கருப்பை கிழிந்த நிகழ்வுகளும் குழந்தை இறந்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் அடுத்தடுத்துப் பதிவாயின. 1928இல் ஆலிவர் காம் தலைமையிலான குழுவினர் அச்சாற்றிலிருந்து கருப்பையைச் சுருக்கும் பொருளையும் ரத்த அழுத்தத்தை உயர்த்தும் பொருளையும் தனித்தனியே பிரித்தனர். முன்னது ஆக்ஸிடோசின். மருந்து தூய்மை அடைந்தது. வழி மட்டும் அதேதான்.

வழி மாறியது 1940களில். 1943இல் அமெரிக்காவின் எர்னஸ்ட் பேஜ், பிட்யூட்டரி மருந்தைச் சிரைக்குள் சொட்டுச் சொட்டாக இறக்கும் முறையை வெளியிட்டார். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் தியோபால்டு தம் குழுவினருடன் 1948இல் வெளியிட்ட கட்டுரை அம்முறைக்கு உறுதியான அடித்தளம் இட்டது. உடல் தானே சுரக்கும் அளவுக்கு நெருக்கமான சிறு அளவே போதும் என்பது அவர் வாதம். தசையில் ஒரே முறையில் ஏற்றிவந்த அளவு இப்போது பல மணி நேரத்துக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

ஆக்ஸிடோசின் ரத்தத்தில் சில நிமிடங்களே நிலைக்கும். சிரைவழிச் சொட்டின் வெற்றி முழுவதும் இந்தச் சிறு உண்மையில் அடங்கியிருக்கிறது. வலி மிகுந்துவிட்டால் குழாயின் திருகை மூடலாம். சிறிது நேரத்தில் கருப்பை தளரத் தொடங்கும். கொடுத்த மருந்தை நிறுத்தும் ஆற்றல் முதன்முறையாக மருத்துவர் கைக்கு வந்தது. 1953இல் வின்சென்ட் டு விக்னோ ஆக்ஸிடோசினின் ஒன்பது அமினோ அமிலங்களின் வரிசையைக் கண்டறிந்து அதைச் செயற்கையாகவும் உருவாக்கினார். 1955இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மாட்டுச் சுரப்பியை நம்பியிருக்க வேண்டிய தேவை மறைந்தது.

மூக்கில் இடும் முறையும் கன்னத்தின் உட்புறம் அடக்கிவைக்கும் மாத்திரையும்கூட அந்த நூற்றாண்டில் முயன்று பார்க்கப்பட்டன. எவ்வளவு மருந்து உள்ளே போயிற்று என்பதை உறுதியாகக் கணிக்க முடியாததால் வலியை வரவழைப்பதில் அவை நிலைக்கவில்லை. சிரைவழிச் சொட்டே அளவுகோலாயிற்று. ஆனால் அதனுடன் சொல்லப்படாத ஒரு நிபந்தனையும் வந்தது. திருகை மூட ஒருவர் அருகில் இருக்க வேண்டும். சொட்டுகளை எண்ணி, வயிற்றில் கைவைத்துச் சுருக்கங்களைக் கணித்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டு, வேண்டும்போது வேகத்தைக் குறைக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாத இடத்தில், சிரைவழிச் சொட்டும் மெதுவாக ஏறும் தசை ஊசியாகிவிடும்.

இந்தியாவுக்கு ஆக்ஸிடோசின் வந்தபோது இரண்டு வழிகளும் சேர்ந்தே வந்தன. நகர மருத்துவமனைகளில் சிரைவழிச் சொட்டு; ஊர்ப்புறத்தில் தசை ஊசி. சமூகவியலாளர் பட்ரீஷியா ஜெஃப்ரியும் ரோஜர் ஜெஃப்ரியும் 1980களில் உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்து ஊர்களில் தங்கி மகப்பேறு பற்றி ஆராய்ந்தனர். ஆண்ட்ரூ லியோனுடன் சேர்ந்து அவர்கள் எழுதிய நூல் 1989இல் வெளிவந்தது. வீட்டுப் பேறுகளில் வலியைக் கூட்ட ஊசி போடும் வழக்கத்தை அவர்கள் தொடர்ந்து கவனித்து வந்தனர். அபிஜித் தாஸ், ஜசோதரா தாஸ்குப்தா ஆகியோருடன் இணைந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை இதைப் பற்றியே எழுதப்பட்டது: கண்காணிப்பு ஏதுமின்றி, வீட்டிலேயே, பேற்றுக்கு முன்பே போடப்படும் ஆக்ஸிடோசின்.

அங்கே நடந்தது பெரும்பாலும் தொடங்கிய வலியை விரைவுபடுத்தும் முயற்சி. இல்லாத வலியை வரவழைப்பது இதனினும் சற்று வேறானது. எனினும் மருந்தும் ஒன்றுதான், ஆபத்தும் ஒன்றுதான். ஊசி போட்டவர் பெரும்பாலும் முறையான பயிற்சியற்ற ஊர் மருத்துவர். பேறு பார்ப்பவள் தாயி. மருந்து போடுபவர் வெளியிலிருந்து அழைக்கப்படும் ஆண். கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, குழந்தை எப்படிக் கிடக்கிறது என்பவற்றை அவர் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடியவளின் கையில் ஊசி இல்லை.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. சாலை இல்லாத ஊரில், வண்டி கிடைக்காத இரவில், வலி நின்றுபோன பெண்ணின் குடும்பத்துக்கு ஓர் ஊசி என்பது மருத்துவமனையின் ஒரு துண்டு வீட்டுக்கே வந்ததற்கு ஒப்பாகும். படுக்கை வேண்டாம், குழாய் வேண்டாம், காத்திருப்பு வேண்டாம். ஒரு குப்பியும் ஒரு சிரிஞ்சும் போதும். தசை ஊசியை எளிதாக்கிய அதே பண்புகள்தாம் அதைக் கொடியதாகவும் ஆக்கின.

இந்த வழக்கத்தை வெறும் தடையால் எதிர்கொள்வது ஏன் கடினம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. குழந்தை பிறந்தவுடன் தாயின் தசையில் போடும் 10 யூனிட் ஆக்ஸிடோசின், பேற்றுக்குப் பிந்தைய ரத்தப்போக்கைத் தடுக்கும் முதன்மை மருந்து. துணை சுகாதார நிலையத்துச் செவிலியர் அதைப் போட இந்திய அரசின் வழிகாட்டுதல்கள் இடமளிக்கின்றன. பேற்றுக்கு முன் போடுவதையே விலக்குகின்றன. அதே மருந்து, அதே அளவு, அதே தசை. குழந்தை வெளியே வந்தபின் போட்டால் கருப்பை இறுகி நிற்பது தாயைக் காக்கிறது. உள்ளே இருக்கும்போது போட்டால் அதே இறுக்கம் குழந்தையை நெரிக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஹோசாக் எர்காட்டுக்கு வகுத்த எல்லைக்கோடும் இதுவே.

மருத்துவமனைக்குள் நிலைமை வேறு, ஆனால் முற்றிலும் வேறல்ல. 1990களின் நடுவில் தமிழ்நாட்டில் களப்பணி செய்த மானிடவியலாளர் செசிலியா வான் ஹாலன், 2003இல் வெளிவந்த தம் நூலில், பொது மருத்துவமனைகளில் வலியைத் தூண்டும் மருந்துகள் வழக்கமாகவே கொடுக்கப்பட்டதைப் பதிவுசெய்கிறார். அவற்றைப் பெண்கள் வெறுக்கவில்லை. பலர் விரும்பிக் கேட்டனர். தமிழில் ‘வலி’ என்னும் சொல் நோவையும் குறிக்கும், ஆற்றலையும் குறிக்கும். வலிமை, வலியவன் என்னும் சொற்கள் அவ்வேரிலிருந்தே எழுந்தவை. வலி கூடுவது சக்தி கூடுவதாகவும் உணரப்பட்ட ஒரு பண்பாட்டில், வலியைத் தரும் மருந்து துன்பமாகத் தோன்றவில்லை என்பது அவருடைய ஆய்வின் நுண்ணிய பகுதி. வலி மிகுவதை ஆபத்தின் அறிகுறியாக யாரும் சொல்லித்தராத இடத்தில், அப்பெண்ணே அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளவும் கூடும் என்பது இதிலிருந்து விளங்கும்.

அரசு இந்த மருந்தை வேறொரு கோணத்திலிருந்து பார்த்தது. பால் கறக்கும் முன் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போடும் வழக்கம் நாடெங்கும் பரவியிருந்தது. அதைக் கட்டுப்படுத்துமாறு இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றம் 2016இல் அறிவுறுத்தியது. 2018 ஏப்ரல் 27 அன்று நடுவண் அரசு ஓர் அறிவிக்கையை வெளியிட்டது: உள்நாட்டுத் தேவைக்கான ஆக்ஸிடோசினை இனித் தனியார் தயாரிக்கக் கூடாது, பொதுத்துறையைச் சேர்ந்த கர்நாடகா ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனம் ஒன்றே தயாரிக்கும். ஒரே ஆலையை நாடு முழுவதும் நம்பியிருந்தால், அங்கு உற்பத்தி தடைபடும் நாளில் ரத்தப்போக்கால் துடிக்கும் தாய்க்கு ஊசி எங்கிருந்து வரும் என்று மருத்துவர்களும் மக்கள்நல அமைப்புகளும் கேட்டனர்.

மருந்து நிறுவனங்களும் அகில இந்திய மருந்துச் செயல்பாட்டு வலையமைப்பும் தொடுத்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 2018 டிசம்பர் 14 அன்று அந்த அறிவிக்கையை நீக்கியது. தடைக்குப் போதிய அறிவியல் அடிப்படை காட்டப்படவில்லை என்பதும், தாய்மார்க்கு நேரக்கூடிய விளைவு எண்ணிப் பார்க்கப்படவில்லை என்பதும் அத்தீர்ப்பில் முதன்மை பெற்றன. வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. மாட்டுத் தொழுவத்தைப் பற்றி நடந்த அந்த விவாதத்தில் பேற்றறை பெரிதும் தாமதமாகவே நுழைந்தது. யார் தயாரிக்கிறார் என்ற கேள்வி ஓங்கி ஒலித்தது. யார் அருகில் இருந்து கொடுக்கிறார் என்ற கேள்விக்கு அங்கும் இடம் கிடைக்கவில்லை.

ஆக்ஸிடோசினுக்கு மற்றொரு வரம்பும் உண்டு. அது கருப்பையைச் சுருக்கும். ஆனால் முற்றாத கருப்பை வாயை இளக்குவதில் அதன் ஆற்றல் குறைவு. வாயைக் கட்டிய பையை அடியிலிருந்து அழுத்துவதைப் போன்றது அந்த முயற்சி. கருப்பை வாயின் பக்குவத்தை மதிப்பெண்ணாகக் கணிக்கும் முறையை 1964இல் எட்வர்ட் பிஷப் வகுத்தபின், வலியை வரவழைப்பதற்கு முன் வாயைப் பக்குவப்படுத்த வேண்டும் என்பது தெளிவாயிற்று. ஒரு ரப்பர் குழாயின் நுனியில் உள்ள பலூனைக் கருப்பை வாய்க்குள் செலுத்தி, நீர் நிரப்பி, அழுத்தத்தால் அதைத் திறக்கும் முறையை 1967இல் எம்ப்ரியும் மோலிசனும் விவரித்தனர். சிறுநீர் வடிக்கப் பயன்படும் ஃபோலி கதீட்டரே அதற்குப் போதும்.

மருந்து வழியில் விடை புரோஸ்டாகிளாண்டின்களிடமிருந்து வந்தது. இவை கருப்பை வாயை இளக்கவும் செய்யும், தசையைச் சுருக்கவும் செய்யும். நிறைமாதப் பெண்களுக்கு வலியை வரவழைக்க இவற்றைக் கொடுத்த முன்னோடி ஆய்வு 1968இல் உகாண்டாவின் கம்பாலாவிலிருந்து வெளிவந்தது. சுல்தான் கரீமும் அவர் குழுவினரும் அதைச் செய்தனர். முதலில் சிரைவழியாகக் கொடுக்கப்பட்டது. பின்னர் வாய்வழியாகக் கொடுத்தபோது வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொல்லை தந்தன. இறுதியில் கருப்பை வாயருகே வைக்கும் கூழ் வடிவம் நிலைபெற்றது. இந்திய மருத்துவமனைகளில் இன்றும் புழங்கும் அந்தக் கூழுக்குக் குளிர்பதனப் பெட்டி வேண்டும், விலையும் கூடுதல். மின்சாரம் நின்று நின்று வரும் சிற்றூர் மருத்துவமனைக்கு இரண்டுமே சுமை.

அந்தச் சுமையை நீக்கிய மாத்திரை மகப்பேறுக்காக உருவானதன்று. மிசோப்ரோஸ்டால் இரைப்பைப் புண்ணைத் தடுக்கும் மருந்தாக 1988இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கருவுற்றோர் உட்கொள்ளக் கூடாது என்னும் எச்சரிக்கையைத் தாங்கி வந்த அதன் ஆற்றலை முதலில் கண்டுகொண்டோர் பிரேசில் நாட்டுப் பெண்கள். கருக்கலைப்புக்குச் சட்டம் இடந்தராத நாட்டில் அவர்கள் அதைத் தாமாகவே பயன்படுத்தினர். 1990களில் லத்தீன் அமெரிக்காவிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் அதை நிறைமாதப் பேற்றுக்கு முயன்றனர். சாதாரண வெப்பத்தில் கெடாதது, விலை குறைந்தது. ஆனால் தயாரித்த நிறுவனமே 2000ஆம் ஆண்டில் கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது.

அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. புண்ணுக்கான மாத்திரை 200 மைக்ரோகிராம். பேற்றுக்குத் தேவையானது 25. எட்டாக உடைத்த மாத்திரையின் துண்டுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. கருப்பை வாயருகே வைத்தால் மருந்து மெதுவாக ஏறி, பல மணி நேரம் நிலைக்கும்; வலி மிகுந்தபின் எச்சத்தைத் துடைத்தெடுத்தாலும் உறிஞ்சப்பட்டது உறிஞ்சப்பட்டதே. வாய்வழியாக விழுங்கினால் அரைமணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு மணி நேரத்தில் பெரிதும் தணிந்துவிடும். ஆகவே 25 மைக்ரோகிராம் வீதம் இரண்டு மணிக்கொரு முறை வாய்வழியாகக் கொடுக்கும் முறை உருவாயிற்று. 200 மைக்ரோகிராம் மாத்திரையை 200 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, ஒவ்வொரு முறையும் 25 மில்லிலிட்டர் அருந்தக் கொடுப்பது அதில் ஓர் எளிய உத்தி. பின்னர் 25 மைக்ரோகிராம் மாத்திரைகளே வந்தன.

வாய்வழியில் ஏறிய மருந்தைத் திரும்பப் பெற முடியாது என்பது உண்மை. ஆனால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் விடலாம். சொட்டின் திருகு நிமிடங்களில் செய்வதை, கொடுக்காமல் விடப்பட்ட ஒரு மிடறு ஓரிரு மணி நேரத்தில் செய்கிறது. எர்காட்டுக்கும் சிரைவழிச் சொட்டுக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில், சொட்டுக்கு நெருக்கமாக, இந்த வழி நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2005இல் 25 மைக்ரோகிராம் மாத்திரையை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2011இல் வெளியிட்ட பரிந்துரைகளில் இரண்டு மணிக்கொரு முறை வாய்வழி 25 மைக்ரோகிராம் என்பதை ஏற்றது. 2021இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 61 ஆய்வுகளையும் 20,026 பெண்களையும் உள்ளடக்கியது. அதன்படி, கருப்பை வாயருகே வைப்பதைவிட வாய்வழி முறையில் 24 மணி நேரத்துக்குள் பேறு முடிவது சற்றுக் குறைவு. குழந்தையின் இதயத்துடிப்பைப் பாதிக்கும் அளவுக்கு வலி மிகுவதும் குறைவு. மெதுவான வழி, ஆனால் சேய்க்கு இதமான வழி.

இவை பெரும்பாலும் உலகளாவிய முடிவுகள். இந்தியப் பேற்றறையோ அதற்குள் மாறிப்போயிருந்தது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மருத்துவ நிலையங்களில் நடந்த பேறுகள் 2005-06இல் 38.7 விழுக்காடு, 2015-16இல் 78.9, 2019-21இல் 88.6. பதினைந்து ஆண்டுகளில் வீட்டுத் திண்ணையிலிருந்து மருத்துவமனைக் கட்டிலுக்கு ஒரு நாடே இடம்பெயர்ந்தது. கட்டில்கள் கூடிய வேகத்தில் கட்டிலருகே நிற்கும் கைகள் கூடவில்லை. சிரைவழிச் சொட்டு கேட்கும் அந்த ‘ஒருவர்’, ஒரே இரவில் பல கட்டில்களுக்குப் பொறுப்பாளி.

நாக்பூரில் நடந்த ஆய்வை இந்தப் பின்னணியிலேயே படிக்க வேண்டும். 2013 டிசம்பரில் தொடங்கி 2015 ஜூன் வரை, அந்நகரின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் டாகா நினைவு மகளிர் மருத்துவமனையிலும், உயர் ரத்த அழுத்தத்தால் பேற்றைத் தள்ளிப்போட இயலாத 602 பெண்கள் அதில் பங்கேற்றனர். நூறு ஆண்டுகளுக்கு முன் பிளேர்-பெல் ஊசியைப் பற்றி எழுதிய அதே லிவர்பூலின் பல்கலைக்கழகமும் இந்த ஆய்வில் இணைந்திருந்தது. ஒரு பிரிவினருக்கு இரண்டு மணிக்கொரு முறை வாய்வழியாக 25 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால். மறு பிரிவினருக்கு ஃபோலி கதீட்டர், அதன்பின் தேவைப்படின் ஆக்ஸிடோசின். இரண்டுமே மலிவானவை, இரண்டுமே குளிர்பதனம் வேண்டாதவை.

முடிவுகள் 2017இல் லான்செட் இதழில் வெளிவந்தன. 24 மணி நேரத்துக்குள் இயல்பான வழியில் குழந்தை பெற்றோர் மாத்திரைப் பிரிவில் 57 விழுக்காடு, கதீட்டர் பிரிவில் 47 விழுக்காடு. கருப்பை அளவுமீறிச் சுருங்கிய நிகழ்வுகள் இரு பிரிவிலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. வசதி மிக்க நாட்டின் தனி அறையில் கிடைத்த விடையை இங்கே பொருத்திப் பார்ப்பதற்கு மாறாக, நெரிசல் மிக்க பொதுப் பேற்றறையிலேயே கேள்வியை எழுப்பி அங்கேயே விடையைப் பெற்றதுதான் இந்த ஆய்வின் பெருமதிப்பு.

இதனால் மாத்திரை எல்லாருக்கும் ஏற்றது என்று ஆகிவிடாது. முன்பு சிசேரியன் செய்துகொண்டவருக்கு மிசோப்ரோஸ்டால் தரக் கூடாது. பழைய தழும்பு கிழியும் ஆபத்து பெரிது. கைக்கு எளிதாக இருப்பதாலேயே அது ஊர் மருத்துவரின் பையில் அடுத்த தசை ஊசியாக மாறவும் கூடும். 2011ஆம் ஆண்டுப் பரிந்துரைகளின் பொதுநெறிகளில் ஒன்று, இம்மருந்துகளில் எதைப் பெறும் பெண்ணையும் கவனிப்பார் இன்றித் தனியே விடக் கூடாது என்பது. எந்த வழியும் அந்த நெறியிலிருந்து விலக்கு அளிப்பதில்லை. கவனிப்பவர் சற்று நேரம் அடுத்த கட்டிலுக்குப் போக நேர்ந்தால், அந்த இடைவெளியில் எவ்வளவு தீங்கு நேரக்கூடும் என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன.

எர்காட்டை விழுங்கிய பெண்ணுக்கும், பிஜ்னோரில் தசை ஊசி பெற்ற பெண்ணுக்கும், நாக்பூரில் மாத்திரை பெற்ற பெண்ணுக்கும் வலி வந்தது. வலியை வரவழைப்பது எக்காலத்திலும் கடினமாக இருந்ததில்லை. ஆய்வில் பங்கேற்றோரிடம் ஒப்புதல் கேட்பது விதி. ஆனால் அன்றாடப் பேற்றறையில் மருந்தின் பெயரையோ வழியையோ அதைப் பெறுபவளிடம் விளக்கிச் சொல்வது இன்னும் பரவலான வழக்கமாகவில்லை. வலி தொடங்கியபின் இரண்டு வலிகளுக்கு இடையே ஓய்வு இருக்கிறதா, இல்லையா என்பதை முதலில் அறிபவள் அவளே. ஓய்வு இல்லாவிட்டால் உடனே கூப்பிட வேண்டும் என்ற ஒரு செய்தியை அவளிடமும் அவளுடன் இருக்கும் உறவினரிடமும் சொல்லிவைக்கப் புதிய மருந்தோ கருவியோ தேவையில்லை. அச்செய்தி தெரிந்த பேற்றறையில், கவனிக்கும் கண்களின் எண்ணிக்கை அன்றிரவே ஒன்று கூடிவிடும்.